வரைந்தவர் பெயர் இல்லாத பிளான்

1. முதல் நாள்

கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் அலுவலகத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்த முதல் நாளே, பிரின்சிபல் ஒரு தடித்த ஃபைலை என் மேசையில் போட்டார். உள்ளே இருந்தவை எல்லாம் ‘வர இயலாது’ என்ற கடிதங்கள். கல்லூரியில் கட்டடக்கலைக்குப் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கவிருந்தார்கள். கட்டட வரைபடம், பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துக் காப்பது, நிலத்தின் வாகு பார்த்து வீடும் வடிகாலும் மரமும் அமைப்பது ஆகிய மூன்றையும் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். அது அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் ராணுவ லாரிகள். இங்கிலாந்தில் கேட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் மலாயா என்றதும் நழுவிவிட்டார்கள்.

“ஆறு மாதத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். ஆளைக் கொண்டு வா. இந்த ஊர்க்காரனாக இருந்தாலும் பரவாயில்லை” என்றார் பிரின்சிபல், ஆங்கிலத்தில். ‘இருந்தாலும் பரவாயில்லை’ என்றதன் அர்த்தம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

தாங்கள் வரைந்த பிளான் ஒன்றையும் அனுப்பச் சொல்லிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம். வந்த விண்ணப்பங்களில் தேறியது ஒன்றே ஒன்று. மந்தின் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிளான் கிராணியாக இருந்த ஆரோக்கியசாமி என்பவர் அனுப்பியது. கடிதம் நான்கே வரி. கூடவே ஒரு பிளான். மலைச்சரிவில் சிதறிக் கிடந்த தொழிலாளர்களின் லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து, சுற்றிலும் முள்வேலி போட வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த காலம் அல்லவா? அப்படி அந்த எஸ்டேட்டில் எழுப்பிய புதுக் குடியிருப்பின் பிளான் அது. நான் படித்தது கணக்கும் டைப்பும்தான். எனக்கே அதைப் பார்த்ததும் தேர்ந்த கை என்று தெரிந்தது. “போய் நேரில் பார்த்து வா” என்றார் பிரின்சிபல்.

2. எஸ்டேட் வாசலில்

ஞாயிற்றுக்கிழமை காலை வரச்சொல்லி ஆரோக்கியசாமி எழுதியிருந்தார். எஸ்டேட் வாசலில் காவலர்கள் என் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடும் என்று உணவுப் பொருள் மேல் அத்தனை கண். நான் வாங்கி வந்த பிஸ்கட் டின்னை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

“யாரு இது?” என்று காவலர் கேட்டார்.

“நம்ம சொந்தக்காரருண்ணே. மாதா கோயில் பூசைக்கு வந்திருக்காரு” என்றார், என்னை அழைத்துப் போக வந்திருந்த ஆரோக்கியசாமி. நாற்பது வயதுக்காரர், ஒல்லி, சட்டைப் பையில் இரண்டு பென்சில்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. கூச்சத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குடியிருப்பைச் சுற்றிக் காட்டினார். முந்தின நாள் நல்ல மழை. ஆனாலும் எந்த வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கவில்லை.

“பழைய பிளான்ல காணு நேரா போட்டிருந்தாங்க சார். நேரா போட்டா தண்ணி வீட்டுக்குள்ளதான் வரும். நான் சரிவு பாத்து வளைச்சி விட்டேன்” என்றார். காணு என்றால் வடிகால். நிழலுக்காக இரண்டு பெரிய மரங்களை வெட்டவிடாமல், வீட்டு வரிசையையே பத்தடி தள்ளிப் போட்டிருந்தார்.

அப்புறம் மாதா கோயில். பழைய மரக் கோயில், வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டதாம். இடித்து விறகாக்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர் துரை. ஆரோக்கியசாமி தச்சர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு உத்திரத்திலும் சட்டத்திலும் உளியால் அடையாளம் வெட்டி, பிளானிலும் அதே அடையாளத்தைக் குறித்து, மொத்தக் கோயிலையும் பிரித்துக் கொண்டுவந்து வேலிக்குள் நிறுத்தியிருந்தார். ஒரு சட்டம்கூடப் புதிதில்லை.

“இதெல்லாம் எங்கே படிச்சீங்க?”

“படிப்பு எங்க சார்? ஏழாவதோட சரி. சர்வே ஆபீசர் ஒருத்தருக்கு நிலம் அளக்குற சங்கிலி புடிச்சேன், அவரு காட்டிக் குடுத்தாரு. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா நல்லாவே சொல்லிக் குடுப்பேன். அது மட்டும் தெரியும்.”

கல்லூரி கேட்ட மூன்று பாடமும் அந்த வேலிக்குள் இருந்தது. ஆள் கிடைத்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன்.

3. நான் டைப் அடித்த கடிதம்

தேர்வுக் குழுவில் மூன்று பேர். பிளானைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிறகு ஒருவர் மூலையில் இருந்த கட்டத்தைக் காட்டினார். ‘வரைந்தவர்’ என்ற இடம் காலி. ‘ஒப்புதல்’ என்ற இடத்தில் மேனேஜரின் கையெழுத்து. “இது இவருடையது என்று எப்படி நம்புவது?”

எஸ்டேட்டில் அதுதான் வழக்கம் என்றேன். கிராணியின் பெயரைத் துரை பிளானில் ஏற விடமாட்டார். “அப்படியானால் மேனேஜருக்கு எழுதிக் கேள். விதி அதுதான்” என்றார் பிரின்சிபல்.

விதி அதுதான். நானும் சுறுசுறுப்பாக அன்று மாலையே டைப் அடித்தேன். ‘உங்களிடம் வேலை செய்யும் ஆரோக்கியசாமி எங்கள் பணிக்கு விண்ணப்பித்துள்ளார். இத்துடன் உள்ள பிளான் அவர் வரைந்ததா என உறுதி செய்யவும்.’ பிளானையும் மடித்து உள்ளே வைத்து ஒட்டினேன். அந்த மனுஷரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மேனேஜரின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. ‘பிளான் என்னுடையது. இவன் அதைப் பார்த்து நகல் எடுத்தவன், அவ்வளவுதான். இவனுக்குச் சொந்தமாக ஒரு கோடு போடத் தெரியாது.’

நான்கு நாள் கழித்துப் போலீஸிலிருந்து ஒரு கடிதம். இன்ன பிளான் உங்கள் கல்லூரிக்கு வந்தது உண்மையா என்று கேட்டு, தங்களுக்கு வந்த புகாரின் நகலையும் இணைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் அதே மேனேஜர். ‘வேலி, வாசல், காவல் கொட்டகை எல்லாவற்றையும் ஆரோக்கியசாமி தானே அளந்து, தன் கையால் பிளான் வரைந்து, என் அனுமதியின்றி வெளியே அனுப்பியிருக்கிறான். அது காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போனால் என்ன ஆகும்?’

இரண்டு கடிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே கையெழுத்து. வேலைக்கு என்றால் அவர் வரையவில்லை. ஜெயிலுக்கு என்றால் அவர்தான் வரைந்தார். இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் ஆறவில்லை. பிளானில் ‘ஒப்புதல்’ என்று கையெழுத்துப் போட்ட மகராசனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆரோக்கியசாமியைப் பதினெட்டு நாள் உள்ளே வைத்தார்கள்.

4. இரண்டாம் கூட்டம்

அவரை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும், இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் நின்றேன். “நீங்கள் கேட்ட சாட்சி இதோ. அவர் வரைந்தது என்று மேனேஜரே எழுதிக் கொடுத்திருக்கிறார்” என்றேன். பிரின்சிபல் படித்துவிட்டுச் சிரித்தார். “சரி, இவர்தான் வரைந்தார். சந்தேகமே இல்லை” என்றார். எனக்கு உயிர் வந்தது.

“ஆனால் போலீஸ் ஃபைலில் பெயர் இருக்கிறவரை அரசாங்கக் கல்லூரியில் எப்படி வைப்பது?” என்றார் அடுத்தவர்.

“குற்றம் இல்லை என்று விட்டுவிட்டார்களே, சார்.”

“விட்டாலும் ஃபைல் ஃபைல்தான்.”

“அந்தப் பிளானை நாம்தானே சார் கேட்டோம்? நம்ம கடிதத்தோடுதானே போனது?” என் குரல் உயர்ந்துவிட்டது. உட்காரச் சொன்னார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அடுத்த வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பட்டம் இரண்டு வைத்திருந்தார். இந்த ஊர் மழையைப் பார்த்ததில்லை.

நான் வேலையை உதறிவிட்டுப் போனேனா? இல்லை. பென்ஷன் வாங்கும் வரை அதே கல்லூரியில் இருந்தேன். மேனேஜர் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேலேயும் உண்டு.

5. அவர் வந்த நாள்

ஒரு நாள் ஆரோக்கியசாமி அலுவலகத்துக்கு வந்தார். அவருக்கு வேலை போயிருந்தது; எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போய்விடும். மனைவி மக்களோடு சிரம்பானில் மைத்துனர் வீட்டில் ஒண்டியிருந்தார். இன்னும் மெலிந்திருந்தார். பிளான் திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். போலீஸ் வைத்துக்கொண்டது என்றேன். வேலை விஷயத்தையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

“என்னைத் தள்ளின ஃபைல்ல போலீஸ் கேசுன்னு போட்டிருக்காங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப வேற எங்கயும் கேக்க முடியாது.”

என்னை மன்னிக்கச் சொன்னேன். மேனேஜருக்கு எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. என் கடிதத்தை ஸ்டேஷனில் காட்டியிருக்கிறார்கள்.

“நல்லதுக்குத்தான் எழுதினீங்க, தெரியும். ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதியிருக்கலாம் லா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் குனிந்துகொண்டேன். தலையை நிமிர்த்தியபோது அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு அந்த எஸ்டேட்டுக்குக் கிட்டே, நீலாய் ஊர்ப் பக்கம், எத்தனையோ பல்கலைக்கழகங்கள். அங்கே கட்டடக்கலைக்கும் நில வடிவமைப்புக்கும் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விண்ணப்பித்தவர் இப்போது வேலை செய்யும் இடத்துக்கு, அவரைக் கேட்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். விதி அப்படித்தான் என்று மேலதிகாரி சொன்னாலும் எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்தது.