மச்சினியின் சொந்த நிறம்

முதலியார்பேட்டையில் என் மச்சினி வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்கென்று அடித்த ஆணியில் பல வருஷங்களாகக் கோயில் காலண்டர்தான் தொங்கியது. நான் போகும்போதெல்லாம் அதைக் காட்டி அவள் சிரிப்பாள். அதற்குக் காரணம் நான்.

என் மனைவியின் தங்கை அவள். நல்ல கறுப்பு. நாற்பதைத் தாண்டி, தனக்குப் பிடித்தவரைத் தானே தேடிக்கொண்டு, மாதா கோயிலில் அரக்குப் பட்டும் வெள்ளை முக்காடுமாகத் தாலி கட்டிக்கொண்டாள். புதுக் கேமரா வாங்கியிருந்த நான், படமெடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெண்ணின் முகத்தை வெளுத்துத் தருவது எங்கள் ஊர் ஸ்டுடியோக்களின் வழக்கம். யாரும் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சு வாத்தியாராக வகுப்பில் சமத்துவம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன், நானும் அதையே செய்தேன். அன்பளிப்பு என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஆல்பத்தைத் திறந்தவள் கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. மாமா உங்களுக்கு வேற யாரையோ கட்டி வெச்சிருக்காரு!"

வீடே சிரித்தது. படத்திலிருந்த கன்னத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவள் மட்டும் சிரிப்பை நிறுத்தியதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாதம் போன் செய்தாள். "மாமா, இருபதாவது கல்யாண நாளுக்குப் பூசை வெச்சிருக்கோம். அதுக்குள்ள என் கலர்ல ஒரு படம் போட்டுக் குடுங்க. முடியலன்னா காலண்டரே இருக்கட்டும்."

கணினியில் உட்கார்ந்தேன். வெளுத்த ஜேபெக் படத்தைக் கறுக்க வைத்தால், கன்னம் சிமெண்டு பூசியதுபோல் சாம்பலாயிற்று. ஜேபெக்கில் நிறத்தைக் கேமராவே முடிவு செய்து மீதியை எறிந்துவிடுகிறது. மிஞ்சியதை நான் வெளுத்து, அதன்மேலேயே சேமித்திருந்தேன். போனது போனதுதான்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் 'ரா' (raw) என்கிற பக்குவப்படுத்தாத வடிவிலும் சேமித்திருந்தது. அன்றைய கணினி திணறியதால் நான் அவற்றைத் திறந்ததே இல்லை. ராவில் சென்சாரில் விழுந்த வெளிச்சம் முடிவு செய்யப்படாமல் காத்திருக்கிறது. மென்பொருளில் எப்படி மாற்றினாலும் மாற்றங்கள் தனியே குறிக்கப்படுமே தவிர, மூலம் தொடப்படுவதில்லை. என் கைக்கு எட்டாமல் அவள் அங்கே பத்திரமாக இருந்திருக்கிறாள்.

பழைய ஹார்டு டிஸ்கைத் தேடித் திறந்தேன். கோயில் பல்புகளின் மஞ்சள் படம் முழுக்க அப்பியிருந்தது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்மைச் சமநிலையை மெல்ல நகர்த்தினேன். முக்காடு வெள்ளையானது, பட்டு அரக்கானது, நெற்றியில் வேர்வை மினுங்க அவள் வந்துவிட்டாள். பழக்கதோஷத்தில் வெளிச்சத்தைக் கூட்டப் போன கையை எடுத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்த என் மனைவி, "அட, இதான் என் தங்கச்சி!" என்று கத்தினாள்.

படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பும்மா. உன் மொகத்தப் பாத்தப்பவே தெரிஞ்சுது. கேக்கத்தான் தைரியம் இல்ல."

"தப்புதான். உங்களுக்கு இன்னிக்கு மீன் கொழம்பு கெடையாது" என்றாள். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. காலண்டரைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, அந்த ஆணியில் படத்தை மாட்டினாள். எட்டி நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, வாங்க. உங்க பொண்டாட்டி வந்துட்டா."