காது சோதனை

ஓசூர் சிப்காட்டில் ஒரு பெரிய தொழிற்சாலை, 1986-ல், தன் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் காது சோதனை வைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லாதவனையும் கூப்பிட்டு எதற்காகக் காதைப் பார்க்கிறார்கள் என்று யாருக்கும் புரியவில்லை.

"செவுடன்னு சொல்லி வெளிய அனுப்பத்தான்" என்றார் மாரிசாமி. பிரஸ் ஷாப்பில் அவரோடு தகடு அடிக்கும் கோவிந்தப்பனுக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. உத்தனப்பள்ளிக்காரரான அவருக்கு, இந்த வேலை போனால் மழையை நம்பிய கொஞ்சம் நிலத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

சோதனை அறைக்குள் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கோவிந்தப்பன் கேட்டாலும் அமுக்கினார், கேட்காவிட்டாலும் அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் சாந்தம்மா கதவைத் திறந்தார். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து ஆனேக்கல்காரர்.

"அண்ணா, நான் இன்னும் சத்தமே குடுக்கலியே. எதக் கேட்டு அமுக்கினீங்க?"

கோவிந்தப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாருமே இப்படித்தான் சிஸ்டர். வேலை போயிடும்னு பயம்."

சாந்தம்மா அதை மேலே சொன்னார். மறுநாள் மெஷின்களை நிறுத்திவிட்டு மேனேஜர் நாராயணப்பன் ஷாப்புக்கே வந்தார். "ஆளை அனுப்பறதுக்கு இல்லப்பா. எந்த மெஷின் காதைக் கெடுக்குதுன்னு பாத்து அதைச் சரிபண்ணப் போறோம். யாருக்கும் சம்பளம் குறையாது." தொழிற்சங்கத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் தெலுங்கிலும் கன்னடத்திலும் மறுபடி சொன்னார்.

இந்த முறை கோவிந்தப்பன் நேர்மையாக உட்கார்ந்தார். நடுவில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்லண்ணா, சத்தம் ஓடிட்டுதான் இருக்கு."

அவருக்குத் திக்கென்றது. கூடவே ஓர் ஆர்வமும் வந்தது. "அது எப்படி இருக்கும்னு எனக்குக் கேக்கணுமே!"

சாந்தம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில், கம்பி இழை போல மெல்லிய ஒரு விசில் கேட்டது. கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்த மனைவி ருக்மணியிடம் போய், "இப்ப என்னென்ன சத்தம் கேக்குது, சொல்லு" என்றார்.

"லாரி. பக்கத்து வூட்டு ரேடியோ. சில்வண்டு."

"சில்வண்டா? இப்பவா?"

"காதே கிழியுது, உங்களுக்குக் கேக்கலியா?"

வேலியோரம் போய்க் குனிந்து நின்றார். "கிட்டப் போனதும் நிறுத்திடுச்சு" என்றாள் ருக்மணி. கத்தியதற்கும் நிறுத்தியதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் நின்ற நிலையைப் பார்த்து, ருக்மணி முறத்தை வைத்துவிட்டு வந்து, வாயாலேயே சில்வண்டு மாதிரி கத்திக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோதனையில் பிரஸ் ஷாப்தான் ரொம்ப மோசம் என்று தெரிந்தது. மெஷின்களுக்கு அடியில் ரப்பர் போட்டார்கள். சுற்றிலும் தடுப்பு வைத்தார்கள். காதடைப்பான் கொடுத்தார்கள். கோவிந்தப்பனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி சோதித்துவிட்டு சாந்தம்மா சொன்னார்: "போனது திரும்பாதுண்ணா. ஆனா இதுக்கு மேல குறையல."

கோவிந்தப்பன் தலையாட்டினார். போகாமல் கதவருகே நின்றார்.

"சிஸ்டர், சானமாவு காட்டுல யானை வருதே, அதுக்கு இந்த விசில் கேக்குமா?"

"தெரியாதுண்ணா. அத இந்த ரூமுக்குள்ள உக்கார வெக்க முடியாதே!"