அழித்துவிட்ட கணக்குகள்

வேல்விழி என் தங்கை. வேப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள், நின்றுகொண்டே வருவாள். வந்ததும் கம்ப்யூட்டர்தான். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. கெடுவை நீட்டி நீட்டி, இனி நீட்ட முடியாது என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சொன்னதில் எனக்கு ஏறியது இவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு சில்லு. அதில் ஒட்டினாற்போல் இரண்டு குழிகள். அவற்றில் வெளிச்சத்தை அடைத்து வைப்பார்கள். குழிச் சுவர்கள் ஓயாமல் அதிரும். அந்த அதிர்வை அதே வெளிச்சத்தை வைத்து அடக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அடக்கப் பார்த்தாள். பாதி அடங்கும், பாதி அடங்காது.

"வுட்டுத் தொலையேன்டி. யாருக்கு ஆவப்போவுது அது?"

"ஒனக்கு ஃபியூஸு கட்ட, எனக்கு இது. போண்ணே."

எங்கள் பட்டறையில் செய்வது பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். சூளையிலிருந்து எடுத்ததும் இரண்டிரண்டாக வைத்து, அளவு ஒன்றுதானா என்று ஜோடி பார்ப்போம். அளவு பிசகினதைத் தூக்கி எறிவோம். சின்ன வயதில் அவளும் இதைச் செய்தவள்தான், கை பழகிப்போயிற்று. ஆராய்ச்சியிலும் இரண்டு குழியும் அச்சாக ஒன்றுபோல இருந்தாக வேண்டும் அவளுக்கு. பிசகிய கணக்கு எதுவானாலும் விடையைப் பார்க்காமலே அழித்துவிடுவாள்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அசதியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாள். ஒரு குழி இம்மியளவு பெரிதாகிவிட்டது. கணக்கு ஓடி முடிந்து விடை வந்த பிறகுதான் அதைக் கவனித்தாள். அழிக்கப் போனவள் திரையைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இரண்டு அதிர்வும் அடங்கியிருந்தன.

"என்னாடி, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்துருக்க?"

"ரெண்டும் ஒரே அளவா இருந்தா, ஒண்ணு இப்பிடி ஆடுது, இன்னொண்ணு அதுக்கு எதுத்தாப்புல ஆடுதுண்ணே. வெளிச்சத்துக்கு ரெண்டும் கழிஞ்சிபோயி ஒண்ணுமே தெரிய மாட்டங்குது. தெரியாதத எப்பிடி அடக்கும்? கொஞ்சம் வித்தியாசம் இருந்தாத்தான் மாட்டுது."

"அப்ப முடிச்சிட்ட!"

"எங்க முடிச்சேன்? இத்தன வருசமா அழிச்சதெல்லாம் நல்ல கணக்குண்ணே."

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

எழுதி வைத்திருந்ததில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். பஸ்ஸிலும் எழுதினாள், அடுப்படியிலும் எழுதினாள். கெடு முடிகிற அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் படுத்துவிட்டாள்.

"ஏத்துக்கிட்டாங்களா?"

"வாங்கி வச்சிக்கிட்டாங்க."

என் மனைவி சோறு போட்டுக்கொண்டு வந்து எழுப்பப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.