பனாமாவில் ஒரு லொறிக் கட்டு

இரத்தோட்டையில் இருந்து போய்ப் பனாமா கால்வாயில் கயிறு பிடித்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் என் கடைக்கு வந்து சொல்லட்டும், தேநீர் வாங்கித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லொறியில் சாக்கு ஏற்றும் கூலியாகத் தொடங்கி, இன்றைக்கு மிளகும் கராம்பும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடுகிற லொறிகளுக்குச் சொந்தக்காரன். ஒருவனிடமும் கைநீட்டாமல் வந்தவன். இதை முதலில் சொல்லி வைத்தால்தான் மற்றது விளங்கும்.

என்னோடு ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த கூட்டாளி ஒருவன் வாலிப வயதிலேயே கனடாவுக்குப் போய்விட்டான். மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினான். மனைவியோடு அதில் கடல் கடலாக வந்து திருகோணமலையில் இறங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குப் பனாமா கால்வாயைத் தாண்டிப் பசிபிக் கடலுக்குள் போக வேண்டும். முந்தின வருடம் கால்வாய் வாசல் வரை போய், எஞ்சின் பழுதாகித் திரும்பியிருந்தான். இந்தத் தடவை மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: இதுவும் நடக்காவிட்டால் படகை அங்கேயே விற்றுவிட்டு விமானத்தில் வீட்டுக்கு.

போன் எடுத்தான். “மச்சான், சின்னப் படகுன்னாலும் கயிறு பிடிக்க நாலு பேரு இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. வர்றியா?”

“கயிறுன்னா என்னை விட்டா யாருடா இருக்கான்?”

“நீந்தத் தெரியுமா?”

“நான் கயிறு பிடிக்க வரணுமா, நீந்த வரணுமா?”

உக்குவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எங்கள் இன்னொரு கூட்டாளியையும் இழுத்துக்கொண்டேன். சோறு ஆக்குவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. “யா அல்லாஹ், மகாவலி ஆத்துலயே நான் வள்ளம் ஏறினதில்ல மச்சான்” என்று முனகிக்கொண்டேதான் வந்தான். விசா எடுத்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகம்.

பனாமாவில் போய் இறங்கிப் படகைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றிலும் டயர்! சுவரில் உரசினால் படகு உடையாமல் இருக்க, பழைய டயர்களைப் பொலித்தீன் பையில் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். டயரைக் கண்டால் என்னால் சும்மா விட முடியுமா? லொறிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரியே சந்தையில் தேசிக்காய் வாங்கி வந்து, புறப்படும்போது இரண்டு பக்கமும் டயருக்கும் படகுக்கும் இடையில் ஒவ்வொன்று சொருகினேன். உக்குவளையான் பார்த்துக்கொண்டே இருந்தான். “லொறி ஏறி நசுக்கும். இத யாரு நசுக்கிறது?” என்றான். “சுவரு நசுக்கும்” என்றேன். “அப்ப சுவருல மோதணும்னு வேண்டிக்கிறியா?” என்று கேட்டான். படகுக்காரன் அவசரமாக இரண்டையும் பிடுங்கிக் கடலில் போட்டான்.

கால்வாய்க்காரர்கள் வழி காட்ட ஒரு பைலட்டை ஏற்றிவிடுவார்கள். அவர் சொல்கிறபடிதான் படகு போக வேண்டும். பாய் விரிக்கக் கூடாது, எஞ்சின் மட்டும்தான். அவருக்குச் சூடாகச் சாப்பாடும் கொடுக்க வேண்டும். வந்தவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்து ஆங்கிலத்தில் என்னமோ கேட்டார்.

“உன் வயசு கேக்கிறாரு” என்றான் படகுக்காரன்.

நான் அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். அதற்குப் பிறகு அவர் என் வயதைக் கேட்கவே இல்லை.

கால்வாய் என்றால் நம்ம ஊர் வாய்க்கால் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அது தண்ணீரால் கட்டின படிக்கட்டு. கொங்கிரீட் தொட்டிக்குள் படகை விட்டுக் கதவை மூடித் தண்ணீர் நிரப்புவார்கள், படகு மேலே எழும்பும். பிறகு அடுத்த தொட்டி. மேலே பெரிய ஏரி. ஏரியைத் தாண்டினால் அதே மாதிரி தொட்டி தொட்டியாகக் கீழே இறக்கிப் பசிபிக்கில் விடுவார்கள். படகின் நான்கு மூலையில் இருந்தும் கயிறு சுவரின் மேலே போகும், அங்கே கால்வாய் ஆட்கள் அதை மாட்டிவிடுவார்கள். முன்னால் இடது பக்கம் நான், வலது பக்கம் உக்குவளையான். பின்னால் ஒரு பக்கம் படகுக்காரன் மனைவி, மறுபக்கம் கூலிக்கு வந்த அந்த ஊர்ப் பெண். ஏறும்போது கயிறு தொய்யும், இழுக்க வேண்டும். இறங்கும்போது இறுகும், விட வேண்டும். ஒரு கயிறு பிசகினாலும் படகு சுவரில் மோதும்.

படகுக்காரன் கையுறை நீட்டினான். லொறிக் கயிறு இழுத்த கைக்கு உறை எதற்கு என்று தள்ளிவிட்டேன்.

ஏறும்போது என் வேலையைப் பார்த்திருக்க வேண்டும்! அடியில் இருந்து தண்ணீர் பெரிய சோற்றுப் பானை மாதிரி கொதித்து எழும்ப, படகு கோழி போலத் துள்ளியது. நான் இழுத்து இழுத்துக் கொம்பில் சுற்றினேன். கொம்பு என்றால் கயிறு சுற்றுவதற்கு விளிம்பில் வைத்திருக்கும் இரும்பு. “அண்ணே, உங்க பக்கம் கயிறு கம்பி மாதிரி நிக்குது” என்று படகுக்காரன் மனைவி பின்னால் இருந்து சத்தம் போட்டாள். பைலட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஏரிக்கு வந்ததும் உக்குவளையான் கோழிக் கறியும் சோறும் வைத்தான். பைலட் மூக்கைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கினார்.

மறுநாள் கடைசித் தொட்டி. அதன் கதவு திறந்தால் பசிபிக். எங்களுக்குப் பின்னால் ஒரு சரக்குக் கப்பலையும் உள்ளே விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மாத்தளை டவுனில் அவ்வளவு உயரத்தில் ஒரு கட்டடம் கிடையாது. அது அப்படியே எங்கள் முதுகுக்கு வந்து நின்றது. பின்னால் பாரம் வந்தால் முன்னால் இறுக்கு, அதுதான் லொறிக்காரன் புத்தி. என் கை தானாகவே கயிற்றை மடித்து, கண்ணி போட்டு, இழுத்து, மூட்டை அசையாமல் இறுக்குகிற லொறிக் கட்டாகக் கட்டிவிட்டது. கட்டிவிட்டு நிம்மதியாகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மற்ற மூன்று மூலையும் இறங்குகிறது, என் மூலை மட்டும் சுவரில் தொங்குகிறது. படகு சாய்ந்து, உள்ளே தட்டுமுட்டு எல்லாம் உருண்டது.

“அண்ணே, விடுங்க! கயித்த விடுங்க!”

“கட்டிட்டியாடா? பாவி, கட்டிட்டியா!” படகுக்காரன் சுக்கானை விட முடியாமல் அலறினான். பைலட் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அந்தக் கொம்பு பிடுங்கிக்கொண்டு போனால் படகின் முகப்பும் சேர்ந்து போகும், பசிபிக்கும் போகும். திருகோணமலையை நினைக்கவே வேண்டாம். அவன் மனைவியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உக்குவளையான் கறிக்கத்தியை எடுக்கப் பாய்ந்தான். “வெட்டாத!” என்றேன். எத்தனை பாரம் இருந்தாலும் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி நுனி விட்டுத்தான் நான் கட்டுவேன். அவிழாத கட்டு என் லொறியில் கிடையாது. நுனியைப் பிடித்து இழுத்தேன். படார்! கயிறு என் உள்ளங்கை வழியாகச் சீறிக்கொண்டு ஓடியது. தோல் எரிகிறது, விடவில்லை. கொம்பில் ஒரு சுற்று விழுந்தது, அடுத்த சுற்று, நின்றது. படகு ஒரு குலுக்குக் குலுங்கி நேராகியது. பிறகு அடி அடியாகக் கயிற்றை விட்டு, குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினேன்.

“கட்டினவனும் நீ, காப்பாத்தினவனும் நீ. உன்னை என்னதான் செய்யிறது?” என்றான் படகுக்காரன்.

“சோறு போடு” என்றேன்.

கதவு மெதுவாகத் திறந்தது. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து சுழித்தன, படகு ஒரு ஆட்டம் ஆடியது, நான்கு கயிறும் மேலே இருந்து விழுந்தன. முன்னால் வெயிலில் பளபளவென்று பசிபிக்! உக்குவளையான் கூவினான், நான் அதைவிடப் பலமாகக் கூவினேன். படகுக்காரன் மட்டும் சுக்கானைப் பிடித்தபடி தேம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி என் கையில் பற்பசையைப் பூசித் துணி சுற்றினாள். பிறகு அவனிடம் போனாள். “அழுதது போதும். அடுத்தது எந்த ஊரு?”

“படகை விக்கலையா?”

“இவ்வளவு தூரம் வந்துட்டு யாராவது விப்பாங்களா? பாயை விரிங்க.”

ஒரு வள்ளம் வந்து பைலட்டை இறக்கிக்கொண்டு போனது. கால்வாய் முடிந்த பிறகு பாய் விரிக்கத் தடையில்லை. அவளே கயிற்றை இழுத்தாள், வெள்ளைப் பாய் மேலே ஏறிக் காற்றை வாங்கியது. எஞ்சினை அணைத்ததும் படகு சத்தமே இல்லாமல் ஓடத் தொடங்கியது. நானும் உக்குவளையானும் இறங்க வேண்டிய துறை வலது பக்கம் வந்து, பக்கத்தில் தெரிந்து, பின்னால் போயிற்று. உக்குவளையான் ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களையத் தொடங்கினான்.