எழுபத்திரண்டு கிலோவுக்கான சமையல்

சித்திரைப் புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை என் மனைவி பெரிய மருத்துவமனையின் தராசில் ஏறினாள். எண்பத்து மூன்று கிலோ. எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் மேற்கொண்டு சோதனைகள் என்றார் மருத்துவர். அவள் உயரத்துக்கு அதற்கு மேல் எடை இருந்தால் சிறுநீரகம் எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி.

சிறுநீரகம் அவள் தம்பிக்கு. செர்டாங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு சிறுநீரகமும் போனபின், டயாலிசிஸ் நிலையம் சுங்கை பட்டாணியில் இருப்பதால், சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டின் பின்னறைக்கு வந்துவிட்டான். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். ரத்த வகை அக்காளுக்கும் தம்பிக்கும் ஒன்று. வேறு ஆள் இல்லை. இடையில் நின்றது அந்தப் பதினொரு கிலோ.

சமையல் என் பொறுப்பாயிற்று. அவள் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளர். காலையில் போனால் பிற்பகல்தான் திரும்புவாள். நான் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளெல்லாம் சாமான்களை நிறுத்து உள்ளே எடுத்தவனுக்கு அரிசியை நிறுப்பது பெரிய காரியமில்லை என்று நினைத்தேன். பஞ்சங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். தோட்டங்களில் ஆள் உழைப்பதற்கு எத்தனை படி அரிசி போதும் என்று துரைமார் போட்ட கணக்குகளையும் படித்திருக்கிறேன். வீட்டில் ஒருவரைக் குறைப்பதற்காகச் சமைப்பது எப்படி என்று அவற்றில் எதிலும் இல்லை.

அடுப்பு ஒன்று, சமையல் இரண்டு. மச்சானுக்கு எந்தக் காயையும், கோபிஸ் என்கிற முட்டைக்கோஸானாலும், பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அந்த நீரையும் கொட்ட வேண்டும். பொட்டாசியம் போவதற்கு. கூடவே ருசியும் போய்விடும். கீரை கூடாது, தக்காளி கூடாது, இளநீரும் வாழைப்பழமும் கண்ணிலேயே படக்கூடாது. ஆனால் மீனும் முட்டையின் வெள்ளையும் தினமும் வேண்டும். மனைவிக்கு வேறு மாதிரி: தட்டில் பாதி காய், கால் பங்கு மீன் அல்லது தௌபு என்கிற சோயாக்கட்டி, கால் பங்கு சோறு. எண்ணெய் தேக்கரண்டியால் அளந்து. தேங்காய்ப்பால் இல்லை. அவனுக்குக் கூடாத கீரைதான் இவளுக்கு நல்லது. ஒரு கங்கோங் கீரைக் கட்டு வாங்கினால் பாதி வீட்டுக்கு மருந்து, பாதி வீட்டுக்கு விஷம்.

ஞாயிற்றுக்கிழமை பாசாரில் மீனும் காயும் வாங்கி வந்ததும் மூவரும் மேசையில் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் பேசி முடிவு செய்வோம். திங்கள் கெம்போங் மீன், மிளகு போட்ட குழம்பு. செவ்வாய் தெம்பே, அந்தப் புளித்த சோயாக்கட்டி. புதன் கோழி நெஞ்சுக் கறி, தோல் இல்லாமல். அப்போதெல்லாம் அந்தப் பேச்சில் சிரிப்பு இருந்தது.

"மாமா, எனக்குக் கோபிஸ் கழுவின தண்ணி, அக்காவுக்கு மீன் காட்டின தட்டு. உங்களுக்கு என்னா?"

"நீங்க ரெண்டு பேரும் மிச்சம் வைக்கிறது."

"அப்ப நீங்கதான் முதல்ல மெலிவீங்க லா."

மனைவி சிரித்தாலும் கண் சமையலறைத் தராசின் மேல்தான் இருக்கும். சோற்றை நான் வேகவைத்தபின் நிறுத்தேன். பச்சை அரிசியாக நிறுத்தால் கலோரி சரியாக வரும் என்று அவள் வாதம். பாலர் பள்ளியில் பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்கை ஒரு விரலால் தொட்டு நக்கியதைக்கூட மாலையில் வந்து சொல்லுவாள். "அரை ஸ்பூன் கிரீம் இருக்கும்ங்க. ராத்திரி சோத்துல கழிச்சிருங்க." கழித்தேன். வேலைக்குப் போகிற வழியில் அவள் இருபது வருஷமாக நின்று சாப்பிட்ட ரொட்டி சானாய்க் கடையைத் தவிர்க்க, புக்கிட் செலம்பாவ் சாலையைச் சுற்றிக்கொண்டு மோட்டாரில் போனாள். தே தாரிக்கில் கட்டிப்பால் போய், பாலும் போய், கடைசியில் வெறும் தேயிலைத் தண்ணீர் நின்றது.

ஆடி முடியும்போது எழுபத்தெட்டு. ஆவணிக் கடைசியில் எழுபத்தைந்து. சரியாகச் சொன்னால் விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த வாரம் எழுபத்தைந்தரை, ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எழுபத்தைந்து. மருத்துவமனை எங்களுக்கு ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம் நாள் கொடுத்திருந்தது. இன்னும் மூன்று கிலோ. நடுவில் புரட்டாசி. புரட்டாசி எங்கள் வீட்டில் முழு மாதமும் சைவம். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. மூன்று கிலோ தானாக இறங்கிவிடும் என்று மூன்று பேருமே நம்பினோம். சைவம் என்றால் லேசான சாப்பாடு என்பது உண்மைதானா என்று நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்ததே இல்லை.

மனைவி இந்த வருஷம் கூடுதலாக ஒரு வேண்டுதல் வைத்தாள். புரட்டாசிச் சனிக்கிழமைகள் எல்லாவற்றிலும் வீட்டில் பெருமாளுக்குப் படையல். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு இலை போட்டுச் சாப்பாடு. தம்பிக்குச் சிறுநீரகம் நல்லபடியாகப் பொருந்த வேண்டும். படைத்தவள் கடைசியில் உட்கார்ந்து ஒரு இலைச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் உண்டால்தான் வேண்டுதல் நிறைவேறும் என்பது அவள் பக்கத்து வழக்கம்.

முதல் சனிக்கிழமை என்று எழுதுகிறேன். உண்மையில் வெள்ளி மாலை உளுந்து ஊறவைத்ததிலிருந்தே தொடங்கிவிட்டது. வடை, சர்க்கரைப் பொங்கல், பாயசம், சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். அதோடு சைவ மட்டன், அதுதான் கோதுமையிலும் சோயாவிலும் செய்து கடையில் உறையவைத்து விற்பது. அதை எண்ணெயில் பொரித்து, மறுபடி எண்ணெயில் வதக்கினால்தான் மட்டன் மாதிரி இருக்கும். எங்கள் தாமான் குடியிருப்பில் அது இல்லாத புரட்டாசி விருந்து கிடையாது. இலையில் எல்லாம் பரிமாறியபின், நான் பழக்கத்தில் தராசை எடுத்து வந்தேன்.

எதிர்வீட்டு அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "சாமிச் சாப்பாட்டை நிறுப்பாங்களா? உள்ள கொண்டுபோய் வைங்க தம்பி. படையல் சோத்துக்கு கலோரி கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. "அக்கா சொல்றது சரிங்க. இதைக் கணக்குல சேர்க்காதீங்க," என்றாள். தராசை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு வீட்டில் படையல் என்றால் மற்ற வீடுகளும் சும்மா இருப்பதில்லை. ஞாயிறு காலை எதிர்வீட்டிலிருந்து புளியோதரை வரும். திங்கள் பின்தெருவிலிருந்து சுண்டல். கோயிலிலிருந்து தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கல். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, கொட்டக்கூடாது, அடுத்த நாளைக்கு வைக்கவும் கூடாது. மச்சானுக்குப் பருப்பும் வெல்லமும் ஆகாது. என் பங்கு போக மீதி அவள் பங்கு. மற்ற வேளைகளில் அவள் தன் கால் பங்கு சோற்றை ஒரு பருக்கை கூடாமல் சாப்பிட்டாள். எடை தானாக இறங்கும் என்ற நம்பிக்கையில் அந்த மாதம் எடை பார்க்கவில்லை.

அந்த மாதம் முழுவதும் வீட்டில் மீன் சாப்பிட்டவன் மச்சான் ஒருவன்தான். உணவு ஆலோசகர் அவனுக்கு அதை விடக்கூடாது என்று சொல்லியிருந்தார். டயாலிசிஸ் முடிந்து சனிக்கிழமை பிற்பகல் நான் அவனைக் கூட்டி வரும்போது வாசல் முழுக்கச் செருப்புகள் இருக்கும். அவன் பின்வாசல் வழியாக வந்து, வெளியடுப்பில் நான் தனியாக வேகவைத்த மீனைத் தன் அறையில் வைத்துச் சாப்பிடுவான்.

"எனக்காக ஊரே விரதம். எனக்கு மட்டும் கெம்போங் மீன். சாமிக்குக் குழப்பமா இருக்காதா மாமா?"

"சாமிக்கு உன் ஃபைல் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் இம்புட்டு லேட்டு," என்றான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஐப்பசியில் மருத்துவமனைத் தராசு எழுபத்தெட்டு காட்டியது. தாதி இறங்கச் சொல்லி, சுழியம் வருகிறதா பார்த்து, மறுபடி ஏறச் சொன்னார். எழுபத்தெட்டுதான். மனைவி வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மூன்றாவது முறை ஏறினாள். மருத்துவர் கோபப்படவில்லை. தைப்பூசம் கழிந்து வர வேறு தேதி கொடுத்தார். காரில் வரும்போது அவள் பேசினது ஒன்றே ஒன்று. "நான் அவனுக்காகத்தானே சாப்பிட்டேன்."

தீபாவளிக்கு முறுக்கு சுடவில்லை. யார் கொடுத்தாலும் அவள் வாங்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நின்றுபோனது. நானே முடிவு செய்தேன், நானே சமைத்தேன். காலையில் அவித்த முட்டை. மதியம் அவள் எடுத்துப்போக வெள்ளரிக்காயும் தௌபும். இரவில் மீனும் காயும், நான்கு மேசைக்கரண்டி சோறும். கார்த்திகையில் சோற்றையும் இரண்டு கரண்டியாக்கச் சொன்னாள். நான் படித்தவற்றை எடுத்துச் சொன்னேன், இவ்வளவு குறைத்தால் உடம்பு தாங்காது என்று. "தாங்கும்" என்றாள். பாலர் பள்ளியில் ஒரு முறை தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

மச்சானும் மெலிந்தான். அது நாங்கள் வேண்டாத மெலிவு. மார்கழியில் டயாலிசிஸ் நடுவிலேயே ரத்த அழுத்தம் விழுந்து அவனை இரண்டு தடவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபின் மீனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒருவர் மெலியவும் ஒருவர் மெலியாமல் இருக்கவும் ஒரே அடுப்பில் சமைத்தேன். இருவரும் மெலிந்தார்கள்.

தைப்பூசம் கழிந்த புதன்கிழமை எழுபத்தொன்றரை. தாதி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதன்பின் ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அவ்வளவு இனிப்பான ஒன்றை அவள் குடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

முடிவு மாசி முதல் வாரத்தில் வந்தது. மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார். மனைவிக்கு நீரிழிவு. ஆரம்ப நிலைதான், ஆனால் நீரிழிவு. நீரிழிவு உள்ளவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க மாட்டார்கள். எடை எவ்வளவு இறங்கினாலும் இனி எடுக்க மாட்டார்கள்.

"ஐப்பசியிலேயே சோதிச்சிருந்தா டாக்டர்?" என்று மலாயில் கேட்டாள்.

அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பல வருஷமாக உள்ளே இருந்திருக்கலாம், இப்போதுதான் வெளியே வந்திருக்கலாம். அவர் நல்ல மனிதர்; அதைச் சொல்லி எங்களைத் தேற்றுவதாக நினைத்தார். ஒன்று ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அவள் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

பிறகு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு தட்டின் படத்தைக் காட்டி விளக்கினார். பாதி காய், கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. மனைவி முதல்முறை கேட்பவள்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தம்பியிடம் அவள்தான் சொன்னாள், அன்று மாலையே, சமையலறையில் நின்றபடி. நான் கோபிஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் ஃப்ரிட்ஜில் சாய்ந்து கேட்டான்.

"சரி விடுக்கா. இப்ப சோறாச்சும் சாப்பிடு. கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு."

"சாப்பிடக்கூடாதாம்டா. எனக்கும் இனிமே இதேதானாம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் முகம் கழுவப் போனாள். நான் தேதிகளோடு வாழ்கிற ஆள். இந்தச் சமையலுக்குச் சித்திரையில் ஒரு தொடக்கமும் ஐப்பசியில் ஒரு முடிவும் இருந்தன. பிறகு அந்த முடிவு தைக்குத் தள்ளிப் போனது. தள்ளிப் போனாலும் அது ஒரு தேதி. அதை நினைத்துக்கொண்டால் உப்பில்லாத குழம்பையும் கிளற முடிந்தது. இப்போது இரண்டு பேருக்கும் இதே சட்டிகள்தான், எந்த மாதத்தை நோக்கியும் இல்லாமல். இறந்தவர்கள் கொடுக்கும் சிறுநீரகத்துக்கான வரிசையில் அவன் பெயர் இருக்கிறது. வரிசை எங்கே நிற்கிறது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.

நறுக்கிய கோபிஸை வெந்நீரில் போட்டேன். மச்சான் இன்னும் அங்கேயே நின்றான்.

"நாளைக்கு என்னா மாமா?"

"பீன்ஸ். மீன்."

"நாளான்னிக்கு?"

"கோபிஸ்."

தலையாட்டிவிட்டு அறைக்குப் போனான். மறுநாள் வியாழன், விடியுமுன் அவனைக் கொண்டுபோய் விட வேண்டும். ஊறியது போதுமென்று அந்த நீரைத் தொட்டியில் கொட்டி, சட்டியில் வேறு நீர் பிடித்து அடுப்பில் வைத்தேன்.