மாமி விட்டுவந்த இடம்

மாமியின் விசிறி என் கைப்பைக்குள் இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் விசிறிதான். ஓரம் வெடித்து, டேப் ஒட்டியது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில் இப்போது கடைசி வாங்குப் பலகைக்கு மேலேயும் ஃபேன் சுற்றுகிறது. ஆனாலும் அது இல்லாமல் ஞாயிறு பூசைக்குப் போனால் எனக்குச் சரிவராது.

நான் வெள்ளவத்தையில் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள். கணவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். எங்கள் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா, என் மாமி, வந்தார், சாப்பிட்டார். என்னோடு மட்டும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒரே வீட்டில் குடியிருந்தும் அதே கதைதான். மேசையில் எனக்கு எதிரே இருந்துகொண்டு, "இவவுக்கு இன்னும் சோறு வேணுமோ எண்டு கேள்" என்று மகனிடம் சொல்வார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "போதுமெண்டு சொல்லுங்கோ" என்பேன். நடுவில் அந்த மனுசன் படாத பாடு பட்டார். வெளியேதான் இந்த வீம்பெல்லாம். உள்ளுக்குள், மாமி ஒருநாள் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

கணவர் பூசையில் பாடுகிறவர், மேலே பாடகர்களோடு நிற்பார். நான் பொட்டும் வைத்துக்கொண்டு வாசலோரம் கடைசி வாங்கில் தனியே இருப்பேன். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் முன்னால் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்வேன். மாமியின் இடம் முன்னால், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே. அங்கே பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு. மாமி காய்ச்சலாய்க் கிடந்த ஞாயிறுகளில்கூட அவருடைய இடத்தில் யாரும் போய் இருந்ததில்லை.

அந்த இடத்தை விட்டு ஒரு ஞாயிறு, பிரசங்கம் முடிந்த கையோடு, மாமி எழும்பினார். தலைசுற்றோ என்று பயந்துவிட்டேன். நேரே நடந்து வந்து கடைசி வாங்கில், என் பக்கத்தில் இருந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் பூசையில் ஒவ்வொரு முறையும் வரும், தப்ப வழியில்லை. அது வந்தது. மாமி என் பக்கம் திரும்பி, உம்மென்ற முகத்தோடு கைகூப்பி, "சமாதானம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதிலுக்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் இடம் மாறினார் என்று கணவர் கேட்டதற்கு மாமி, "முன்னுக்கு ஃபேன் காத்து எனக்கு ஒத்துவரேல்ல" என்றார். பின்னால் காற்றே இல்லாமல் வேர்த்து ஒழுகி, பூசை முடியும்வரை விசிறிக்கொண்டிருந்தவரும் இவர்தான். அதில் பாதிக் காற்று என் பக்கம் வந்தது. மத்தியானம், "சோறு போடட்டா, மகள்?" என்று என்னிடமே கேட்டார். வயிறு நிறைந்திருந்தும் தட்டை நீட்டினேன். அதற்குப் பிறகு அவர் கோயிலில் முன்னால் போகவேயில்லை.

ஒருநாள் பேலியகொடை மீன் சந்தையில் இருந்து வந்த மீனை இருவரும் துப்புரவாக்கிக்கொண்டிருந்தோம். "வீட்டில இவ்வளவு சாமிப்படம் இருக்கே மாமி, இங்கயே கும்பிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டில எண்டா எனக்குப் பிடிச்ச ஆக்களோடதான் கும்பிடுவன். அங்க, பக்கத்தில ஆர் இருக்கினமோ அவையோடதானே கும்பிடோணும்" என்றார். பிறகு, "செதில் தெறிக்காமச் சுரண்டு பிள்ளை" என்று அதட்டினார்.

மாமி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் மதம் மாறவில்லை. அவர் ஒருநாளும் கேட்கவும் இல்லை. ஆனாலும் ஞாயிறு வந்தால் கடைசி வாங்குக்குப் போய்விடுவேன்.

போன ஞாயிறு பூசை நடுவில் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி பிந்தி வந்து, வேறு இடமில்லாமல் என் பக்கத்தில் இருந்தாள். எங்கள் வாசலை மறித்து அவள் காரை நிறுத்தியதில் இருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். சமாதானம் சொல்லும் நேரம் வர இன்னும் கொஞ்சம் இருந்தது. கைப்பையைத் திறந்து மாமியின் விசிறியை எடுத்தேன். பாதிக் காற்று அவள் பக்கம் போகும்படி விசிறத் தொடங்கினேன்.