செத்தவரிடம் தோற்றவர்

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுவதுதான் அரசியல்வாதியின் லட்சணம் என்பார்கள். எல்டன் கூச்செராவுக்கு மாப்பிள்ளை ஆகும் வாய்ப்பு வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைத்தது, ஜாய்ஸைக் கட்டிக்கொண்ட அன்று. பிணமாகும் வாய்ப்பு மட்டும் வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டார்பெல் கவுண்டி என்ற மாவட்டத்துப் பக்கம் சோளமும் மாடும் போக, மண்ணுக்குள் ஏராளமாகக் கிடப்பவர்கள் அரசியல்வாதிகள். மே மாதக் கடைசியில், போரில் செத்தவர்களுக்கான நினைவு தினத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வரலாற்றுச் சங்கத்தார் கல்லறை நடை என்று ஒன்று நடத்துவார்கள். பெரிய மனிதர் ஒவ்வொருவருடைய கல்லறையருகிலும் அவரைப் போல வேஷம் கட்டிய ஒருவர் நிற்பார். "நான்தான் இன்னார்" என்று ஆரம்பித்துச் செத்தவரின் பெருமைகளைச் செத்தவரே சொல்வது போலச் சொல்வார். ஜனங்கள் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லறை கல்லறையாக நகர்வார்கள். கடைசியில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும், உலர்ந்த பிளம் பழம் வைத்த கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டியும் கிடைக்கும். கூட்டம் எதற்காக வருகிறது என்று யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

எல்டன் அங்கே கட்டாத வேஷமில்லை. லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கும் ஏமஸ் தோர்ன்குவிஸ்டாக மூன்று வருஷம் நின்றார். தோர்ன்குவிஸ்ட் வாஷிங்டனுக்கு உறுப்பினராகப் போய், இருந்த இரண்டு வருஷத்தில் சபையில் ஒரே ஒருமுறை வாய் திறந்தவர். ஜன்னலைச் சாத்தச் சொல்லித் திறந்தார். அவருடைய கல்தூண்தான் கவுண்டியிலேயே உயரம். கத்தோலிக்கத் தோட்டத்தில் இருக்கும் எதிரியின் தூணைவிட ஒரு அடி கூடுதலாக நிறுத்த வேண்டும் என்று சாகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிறகு எல்டன், கிடியன் ஊர்த் தோட்டத்தில் இருக்கும் ஹைரம் புரூயிட் ஆனார். கவுண்டியின் தலைநகர் என்ற அந்தஸ்தைத் தன் ஊருக்குக் கொண்டுபோக, கிடியன் நீதிமன்றத்துப் பத்திரங்களையெல்லாம் வைக்கோல் வண்டியில் போட்டுக் கடத்திய சட்டமன்ற வீரர் புரூயிட். கொள்ளையடித்த ஊரிலேயே அவர் கிடப்பதற்குக் காரணம் ஒன்றுதான். அவர் மனைவி கிடியன்காரி, அவருக்குப் பின்னால் செத்தாள்; எங்கே புதைப்பது என்பதை அவள்தான் முடிவு செய்தாள்.

இந்த வேஷங்களிலெல்லாம் எல்டனுக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். உயிருள்ள எல்டனாக ஓட்டுக் கேட்டுப் போனால்தான் ஜனங்களுக்கு அடுப்பில் ஏதோ கருகும் வாசனை வந்துவிடும், உள்ளே ஓடிவிடுவார்கள்.

விதைச் சோளம் விற்பது அவர் தொழில். கவுண்டி கமிஷனர் பதவிக்கு நிற்பது அவர் வியாதி. வியாதி தொற்றியது ஒரு பாலத்திலிருந்து. அவர் வீட்டுக்குப் போகும் மண்சாலையில் ஓடைமேல் இருந்த மரப்பாலம் இற்றுப்போய், கமிஷனர்கள் குறுக்கே ஒரு தடுப்பை வைத்தார்கள். அன்றிலிருந்து எல்டன் கண்ணுக்கெதிரே தெரியும் தன் வீட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறார். பாலத்தைக் கேட்டு நடையாய் நடந்தார். வாசலில் நின்று கேட்பதைவிட உள்ளே உட்கார்ந்து நாமே கட்டிவிடலாம் என்று தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடி நின்றார், மறுபடியும் தோற்றார். அவருடைய தேர்தல் போர்டுகளில் வருஷம் போடமாட்டார். அந்த ஒரு முன்யோசனைக்காகவே ஊர் அவரைக் கமிஷனராக்கியிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் மெர்ல் ஹாட்ச்கிஸ். மெர்லிடம் யார் எதைக் கேட்டாலும் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றுவார், பதில் உள்ளே தைத்து வைத்திருப்பது போல அதற்குள் பார்ப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார். "பார்க்கலாம்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆட்சிமுறை. கமிஷனர்கள் கூட்டத்துக்கு எல்டன் நுழையும்போதே, "எல்டன் வந்துட்டான். எல்லாரும் காபி ஊத்திக்கங்கப்பா, நேரமாகும்" என்பார். சபை சிரிக்கும்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் மெர்ல் கன்றுக்குட்டிக்குத் தீவனம் வைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஓட்டுச்சீட்டு அதற்குள் அவர் பெயரோடு அச்சாகியிருந்தது. இந்தக் கவுண்டியில் ஒரே கட்சிதான். மே மாதத்து உட்கட்சித் தேர்தலில் முடிந்தது முடிந்ததுதான். களத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர்: எல்டனும் ஒரு பிரேதமும். முதல்முறையாக எல்டன் நிம்மதியாகத் தூங்கினார்.

பிரேதம் நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தது.

செத்த பாம்பை அடிக்கும் வீரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செத்த பாம்பிடம் கடி வாங்கியவர் எல்டன் ஒருவர்தான்.

"செத்துட்டார்னு தெரியாம போட்டிருப்பாங்க" என்றார் மறுநாள், தானியக் கிடங்கில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம்.

"தெரியாமலா?" என்றார் எடை போடுகிறவர். "ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் மெர்ல் சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்கு செஞ்சு எடுத்துட்டுப் போனவங்கதான்யா."

"பின்னே ஏன்?"

"ஒண்ணு யோசிச்சுப் பாரு. மெர்ல் இனிமே வரியை ஏத்த மாட்டாரில்ல?"

ஆனாலும் எல்டனுக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. காலியான நாற்காலிக்கு ஆளை நியமிப்பது கவுண்டியின் கிளார்க், வக்கீல், பொருளாளர் மூவர் வேலை. நினைவு தினம் கழித்துக் கூடுவார்கள். உயிரோடு இருந்தவர்களில் முதலாவதாக வந்தவர் எல்டன். அவரைத் தவிர வேறு யார்?

அப்போதுதான் வரலாற்றுச் சங்கத் தலைவி பெவர்லி அவர் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"எல்டன், இந்தத் தடவை நீ மெர்லாட்டம் நிக்கணும்."

"எந்த மெர்ல்?"

"எத்தனை மெர்ல் செத்தான் இந்த ஊர்ல?"

"செத்து ஒரு மாசம்கூட ஆகலையே பெவ்! கல்லுகூட வைக்கல. புல்லு முளைக்கல."

"நான் கேக்கல, ஆர்லீன் கேட்டா. 'மெர்லை எல்டன் மாதிரி உத்துப் பார்த்தவங்க யாருமில்ல, நான்கூட அவ்வளவு பார்த்ததில்ல'ங்கறா. பொண்டாட்டிக்காரியே சொன்னப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்த எல்டனிடம் பெவர்லி இன்னொன்றும் சொன்னாள். "அந்த மூணு பேரும் வர்றாங்க. முன்வரிசை."

எல்டன் அவள் நீட்டிய பேச்சுத் தாளை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே ஒத்திகை ஆரம்பமானது. ஜாய்ஸ் பட்டாணி உரித்துக்கொண்டே பார்த்தாள். பெவர்லி எழுதிக்கொடுத்த பேச்சின் கடைசியில் எல்டன் தன் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்திருந்தார். மெர்லின் குரலில் சொன்னார்: "எனக்கப்புறம் அந்த நாற்காலிக்கு லாயக்கான ஒருத்தன் இருக்கான்னா, அது எல்டன் கூச்செராதான்."

ஜாய்ஸ் பட்டாணியை வைத்துவிட்டாள். "செத்தவன் வாயால உனக்கு ஓட்டுக் கேக்கறியா?"

"செத்தவன் எனக்கு எதிரா ஓட்டு வாங்கலாம், எனக்காகப் பேசக்கூடாதா?"

அவள் மறுபடி பட்டாணியை எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் எல்டன் ஜெயித்த விவாதம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. கல்லறைகள்தோறும் காகிதம் சுற்றிய காபி டப்பாக்களில் பியோனிப் பூக்கள். மெர்லின் குழியில் மண் இன்னும் மேடாகவே இருந்தது. அடக்கம் செய்து கொடுத்த கடைக்காரர் நட்டுவிட்டுப் போன தகர அட்டைதான் தலைமாட்டில். கிளார்க், வக்கீல், பொருளாளர் மூவரும் முன்வரிசையில், மடியில் தொப்பியோடு. அவர்களுக்குப் பக்கத்தில் ஆர்லீன்.

எல்டன் வாய் திறப்பதற்குள் ஆர்லீன் எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து வியர்வைக் கறை படிந்த ஒரு தொப்பியை எடுத்தாள். "இதைப் போட்டுக்க. உன் தொப்பி ரொம்பச் சுத்தமா இருக்கு, நம்பமாட்டாங்க."

மெர்லின் தொப்பி அவருக்கு அளவெடுத்தது போலப் பொருந்தியது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான் மெர்ல் ஹாட்ச்கிஸ்" என்றார். அப்புறம் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். சும்மா பார்த்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், வேறு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இடுப்பில் கை வைத்து நிற்பது, பேச்சுக்கு நடுவே வானத்தைப் பார்த்து மழை வருமா என்று யோசிப்பது, கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு அவர் நாயை விசாரிப்பது, எல்லாம் எல்டனிடமிருந்து தானாக வந்தன. தோற்றவனைப் போல ஜெயித்தவனைக் கவனித்தவன் யார்? முன்வரிசையில் பொருளாளர் கைக்குட்டையை எடுத்தார். ஆர்லீன் கன்னம் நனைய நனையச் சிரித்தாள்.

சரியான நேரம் இதுதான் என்று எல்டனுக்குப் பட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு தன் வரியைச் சொன்னார்.

கல்லறைத் தோட்டமே சிரிப்பில் அதிர்ந்தது. வக்கீல் தொடையைத் தட்டினார். கிளார்க்கின் நாற்காலி மடங்கிக்கொண்டது. "அச்சு அசல் மெர்ல்!" என்று ஒருவர் கத்தினார். "செத்தும் இவனைச் சீண்டாம விடமாட்டேங்கறானே!"

எல்டன் அசல் மெர்லாகிப் போனதில் வந்த வினை அது. மெர்ல் உயிரோடிருந்து அந்த வரியைச் சொல்லியிருந்தாலும் அது கிண்டலாகத்தான் இருந்திருக்கும்.

கொலாச்சி தின்னும்போது எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்கள். அதில் பாதிப்பேர் மெர்லுக்கு ஓட்டுப் போட்டவர்கள். மீதிப்பேர் போட்டிருந்து, இல்லை என்று சொன்னவர்கள்.

மூவரும் அந்த வாரமே கூடினார்கள். அதிக நேரம் ஆகவில்லை. கிளார்க் வெளியே வந்து எல்டனின் தோளில் கை போட்டார். "ஞாயித்துக்கிழமை பார்த்தப்புறம் எங்களுக்கு மனசு கேக்கல எல்டன். சனங்களுக்கு மெர்ல்தான் வேணும்னு நீயே காட்டிட்ட. மெர்ல் இல்லாட்டி அடுத்தது யாரு? ஆர்லீன்தானே?"

ஆர்லீனின் முதல் கூட்டத்துக்கு எல்டன் மெர்லின் தொப்பியோடு போனார், திருப்பிக் கொடுப்பதற்காக. வழக்கமான ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்து பாலத்தைப் பற்றிக் கேட்டார்.

ஆர்லீன் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்டன் மனசுக்குள் பாலத்தின் முதல் பலகை விழுந்தது.

"அந்தத் தொப்பியைக் கொஞ்சம் குடேன்" என்றாள்.

கொடுத்தார். அவள் அதைத் திருப்பி உள்ளே பார்த்தாள். மறுபடி அவரிடமே நீட்டினாள்.

"பார்க்கலாம், எல்டன். தொப்பியை நீயே வச்சுக்க. அடுத்த மே மாசம் கல்லறை நடைக்கு வேணுமில்ல?"

ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நேரே கொட்டகைக்குப் போனார். தேர்தல் போர்டுகளை இழுத்து வெளியே சாய்த்து, தண்ணீர்க் குழாயைத் திறந்தார். சத்தம் கேட்டு ஜாய்ஸ் வந்து நின்றாள்.

"ஆர்லீனை எதிர்த்தா?"

"ம்."

"நல்லதுதான். அவளாவது உயிரோட இருக்கா" என்றாள். "அவகிட்ட தோத்தா உனக்கு முன்னேற்றம்தான்."

ஒரு போர்டின் மூலையில் குளவி கூடு கட்டியிருந்தது. எல்டன் தன் பெயரில் படாமல், கூட்டின்மேல் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சினார்.